கதைக்குக் கீழே எழுதப்படும் நீதி

சிறுவர்க்கு எழுதக் கற்பிப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் பிழையின்றி எழுதுதல், அழகாக எழுதுதல், விரைந்து எழுதுதல் ஆகிய மூன்றைப் பற்றியே நாம் பேசுகிறோம். உண்மையாக எழுதுதல் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது எட்டாத பொருள் என எண்ணிவிடுகிறோம் போலும். ஆனால், அந்தப் பிள்ளையிடம் "ஒரு சிறு கதை எழுது" என்று நாம் சொன்ன அந்தக் கணமே அக்கேள்வி எழுந்துவிடுகிறது. நடக்காத ஒன்றை நடந்ததுபோல் எழுதச் சொல்கிறோமே, இது பொய் சொல்லப் பழக்குவது ஆகாதா?

இது நாமாக எழுப்பிக்கொண்ட ஐயம் அன்று. தண்டலத்தில் நம் பங்கின் மாலை வகுப்பிற்குத் தம் மகளை அனுப்பும் ஒரு தாய் நம்மிடம் கேட்டது. "ஞாயித்துக்கிழமை மறைக்கல்வியில பொய் சொல்றது பாவம்னு சொல்றீங்க, ஃபாதர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இல்லாததை எழுதச் சொல்றீங்க. பிள்ளை எதை எடுத்துக்கும்?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆயினும், சிரித்து அனுப்பிவிடக் கூடிய கேள்வி அன்று அது. திருச்சபையின் பேரறிஞர்கள் பல ஆண்டுகள் சிந்தித்த கேள்வி அது.

முதலில் இந்தப் பிள்ளைகள் யாரெனச் சொல்லிவிடுவது நல்லது. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூரை எட்டுவதற்கு முன் வரும் ஊர் தண்டலம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல் இந்தப் பக்கத்தின் முகமே மாறிவிட்டது. ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று ஆலைகள் வளர வளர, ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஊர்களில் ஓர் அறை வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. நம் வகுப்பில் இந்த மண்ணின் பழங்குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒடிசா, பீகார் மாநிலத்துப் பிள்ளைகளும் சிலர் உண்டு. இவர்களுக்கு ஒரு நாள் என்பது காலை, நண்பகல், மாலை என்று பிரிவதில்லை. முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்றே பிரிகிறது. இரவு வேலை முடித்துத் தாய் வீடு திரும்பும் வேளையில் பிள்ளை பள்ளிக்குப் புறப்படுகிறது. கதை சொல்ல வேண்டிய பாட்டியோ நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் சொந்த ஊரில் இருக்கிறார். எனவே, கதை கேளாமலே கதை எழுத வேண்டிய பிள்ளைகள் இவர்கள்.

இனி, அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பொய்யைப் பற்றிப் புனித அகுஸ்தினாரைவிடக் கடுமையாக எழுதியவர் அரிது. பொய்மையை ஆராய்ந்து, ஏறத்தாழ 395ஆம் ஆண்டில் ஒன்றும், 420ஐ ஒட்டி மற்றொன்றுமாக இரு தனி நூல்களே எழுதினார். ஓர் உயிரைக் காப்பதற்காகக்கூடப் பொய் கூறலாகாது என்னும் அளவுக்கு உறுதியாக நின்றவர் அவர். சிறுவயதில் பள்ளியில் அடிபட்டதையும், கற்பனைக் கதையொன்றில் இறந்துபோன அரசி தீதோவுக்காகத் தாம் கண்ணீர் விட்டதையும் தம் வாழ்க்கை அறிக்கையில் வருத்தத்தோடு நினைவுகூர்ந்தவரும் அவரே. இத்தகையவர் கதையைப் பொய்யென்று தள்ளியிருப்பார் என்றே நாம் எதிர்பார்ப்போம். அவர் அவ்வாறு செய்யவில்லை. எம்மாவு வழியில் ஆண்டவர் இன்னும் தொலைவு செல்பவர்போலக் காட்டிக்கொண்டதை விளக்கும் இடத்தில், புனைந்துரைப்பது எல்லாம் பொய்யாகாது என்று தெளிவாகக் கூறுகிறார். எந்தப் பொருளையும் சுட்டாத புனைவே பொய். ஓர் உண்மையைச் சுட்டும் புனைவு அவ்வுண்மையின் உருவம். இல்லையெனில் ஊதாரி மைந்தன் உவமையையும் பொய்யென்றல்லவா சொல்ல வேண்டிவரும் என்பது அவர் வாதம். பொய்க்கு அவர் தரும் இலக்கணமும் இங்கே நினைக்கத்தக்கது. உள்ளத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு, ஏமாற்றும் நோக்கோடு வாயால் வேறொன்றைச் சொல்வதே பொய். செய்தி நடந்ததா இல்லையா என்பதை மட்டும் வைத்து அவர் பொய்யை அளக்கவில்லை. சொல்பவரின் உள்ளம் இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்பதையே பார்க்கிறார். புனித தோமா அக்குவினாரும் இந்த வழியிலேயே செல்கிறார்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, நம் வகுப்பில் இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய கதையைப் பார்ப்போம். அவள் சொன்ன மொழியிலேயே தருகிறோம். "கம்பெனி பஸ்ஸுக்குத் தூக்கம் வந்துச்சு. உள்ள அம்மா இருந்தாங்க. பஸ் கம்பெனிக்குப் போகல. எங்க வீட்டு வாசல்ல வந்து படுத்துக்கிச்சு." கதை அவ்வளவுதான். வகுப்பிற்கு உதவ வரும் கல்லூரி மாணவி அன்பான பெண். அவளுக்கும் பள்ளியில் அப்படித்தான் கற்பித்திருந்தார்கள் ஆதலால், "கதை நல்லாயிருக்கு, நீதி எங்கே?" என்று கேட்டாள். பிள்ளை சற்றும் தயங்கவில்லை. கதைக்குக் கீழே அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டாள். அதன் கீழே எழுதினாள்: "நீதி: பெற்றோர் சொல் கேட்டு நடக்க வேண்டும்."

பேருந்து தூங்குவதில்லை, வீட்டு வாசலில் வந்து படுப்பதுமில்லை. ஆனால், அந்த நான்கு வாக்கியங்களில் பொய் எங்கே இருக்கிறது? இரவு ஷிப்டுக்குத் தாய் போகாமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்னும் ஆசையும், போகாதே என்று தாயிடம் சொல்ல முடியாத நிலையும், தாய்மேல் பழி விழாமல் அவரை வீட்டில் வைத்திருக்கப் பிள்ளை கண்டுபிடித்த வழியும் அவற்றில் இருக்கின்றன. குற்றமெல்லாம் தூங்கிவிட்ட பேருந்தின்மேல். இனி, கோட்டிற்குக் கீழே உள்ள வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அதில் தவறு ஏதுமில்லை. எந்த மறைக்கல்வி நூலிலும் இடம்பெறத்தக்க அறிவுரை அது. ஆயினும் அந்தப் பிள்ளை அதை நினைக்கவில்லை. அந்தக் கதை அதைச் சொல்லவும் இல்லை. பெரியவர்கள் எதைக் கேட்டால் மகிழ்வார்கள் என்பதை அவள் அறிவாள், அதைக் கொடுத்தாள். உள்ளத்தில் ஒன்று, எழுத்தில் ஒன்று. அகுஸ்தினாரின் அளவுகோலின்படி அந்தப் பக்கத்தில் பொய்க்கு அருகே நிற்பது எதுவென்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். ஏமாற்றும் நோக்கம் பிள்ளைக்கு இல்லை. ஆகவே அதைப் பாவம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால், அதற்கான பயிற்சியை நாம்தான் தொடங்கி வைக்கிறோம்.

நீதி கூறும் மரபை இழிவாகப் பேசுவது நம் நோக்கமன்று. திண்ணைப் பள்ளிக் காலத்திலிருந்து தமிழ்ப் பிள்ளையின் முதற்பாடம் ஔவையின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும்தாம். அகர வரிசையோடு அறமும் நெஞ்சில் பதிந்தது. அது மனப்பாடத்திற்குரிய செல்வம். பாடமாகப் பெற்றுக்கொள்வது வேறு, தானே ஒன்றைச் சொல்வது வேறு. இவ்விரண்டையும் கலந்துவிடும்போதுதான் இடர் வருகிறது. காக்கை வடை தூக்கிச் சென்ற கதையை இங்கு சொல்லிப் பாருங்கள். முகத்துதிக்கு மயங்கலாகாது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் நீதி. நம் வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான்: "பாட்டிக்கு வடைக்காசு யார் கொடுத்தா?" அவன் தாய் சாலையோரத்தில் இட்லிக் கடை போட்டிருக்கிறார். காக்கைக்காகவும் நரிக்காகவும் இத்தனை காலம் கவலைப்பட்ட நமக்கு, கதையில் உண்மையாகவே இழப்பு அடைந்தவர் பாட்டி ஒருவரே என்பது ஏன் தோன்றவில்லை? நீதி முன்னமே தயாராக இருந்ததால் கதையை நாம் பார்க்கவே இல்லை. அடுத்த வாரம் அவன் எழுதிய கதையில் நரி வடையைத் தின்றுவிட்டு, வெட்கப்பட்டுப் பாட்டிக்கு விறகு பொறுக்கிக் கொடுத்தது. எட்டு வயதில் அவன் ஈடு செய்தல் என்னும் கருத்தைத் தானே கண்டடைந்துவிட்டான். நாம் அதை மறைக்கல்வியில் எத்தனை நாள் விளக்கியிருப்போம்!

எளிய கதை என்றால் நமக்கு வீரமாமுனிவரின் நினைவு வராமல் இராது. தேம்பாவணியைப் பாடிய அதே கைதான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதியது. பேச்சுத் தமிழ் கற்க விரும்பும் குருக்களுக்குப் பயிற்சி நூலாக அவர் எழுதிய அக்கதை, அவர் 1747இல் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1822இல் லண்டனில் அச்சேறியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரும் குருவும் ஆற்றைக் கடந்த பின் ஆளை எண்ணுகிறார்கள். எண்ணுபவர் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு எண்ணுகிறார்கள். ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுகிறார்கள். அங்கே கோடு இல்லை, கோட்டின் கீழ் அறிவுரையும் இல்லை, சிரிப்புத்தான் இருக்கிறது. பிறர்க்கு நீதி சொல்லும் இடத்தில் தம்மைக் கணக்கில் சேர்க்க மறக்கும் நம்மைப் போன்ற போதகர்கள் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தங்களையும் காணலாம். நம் பிள்ளைகள் 'எரி', 'ஏரி' என்னும் இரண்டையும் குழப்பமின்றி எழுத உதவும் ஏகார ஓகார எழுத்து வடிவங்களும் அவரோடு இணைத்தே பேசப்படுகின்றன. ஏரிக்கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு இது சிறிய கொடை அன்று.

ஆண்டவரின் உவமைகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்தல் நலம். விதைப்பவர் உவமைபோலச் சிலவற்றிற்கு அவர் விளக்கம் தந்தது உண்மையே. அதுவும் சீடர் தனியே கேட்டபோதுதான். லூக்கா 15ஆம் அதிகாரத்தில் மூத்த மகன் விருந்துக்குள் நுழைந்தானா என்பது நமக்குத் தெரியாமலே கதை நின்றுவிடுகிறது. நல்ல சமாரியர் கதையின் முடிவில் அவர் கேட்டது ஒரு கேள்வி. பதிலைச் சொன்னவர் திருச்சட்ட அறிஞர். தாவீது அரசரிடம் நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையிலோ, தீர்ப்பையே கேட்டவர் வாயிலிருந்து வரவழைத்த பிறகுதான் இறைவாக்கினர் பேசுகிறார். கதையை முழுமையாகக் கேட்ட பிறகே அறம் பேசுவது நமக்குப் புதிய வழக்கம் அன்று.

அப்படியானால் பிள்ளைக்கு எதைத்தான் கற்பிப்பது என்று கேட்கலாம். சும்மா விட்டுவிட்டால் எழுத்து வந்துவிடாது. நம் வகுப்பில் முதலில் எழுதுவதில்லை, சொல்வதுதான். பிள்ளை சொல்ல, பெரியவர் எழுத்தர்போல் அதைக் கரும்பலகையில் எழுதுகிறார். தான் சொன்னது எழுத்தாகி நிற்பதைப் பிள்ளை பார்க்கும் அந்த நேரம் பெரிது; தன் வாயிலிருந்து புறப்பட்டது அழியாமல் இருக்கிறதே என்னும் வியப்பு முகத்தில் தெரியும். நியூசிலாந்தில் மாவோரிச் சிறுவர்க்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர் என்னும் ஆசிரியை, பாடநூலை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் அதற்கு வேண்டிய ஒரு சொல்லைக் கேட்டு அட்டையில் எழுதிக் கொடுத்தார். அச்சமும் அன்பும் சார்ந்த சொற்களைப் பிள்ளைகள் ஒரே பார்வையில் கற்றுக்கொண்டதை 1963இல் வெளிவந்த தம் நூலில் விவரிக்கிறார். தண்டலத்தில் அப்படிக் கேட்டால் வரும் சொற்கள் ஷிப்ட், ஓ.டி., பேய், புரோட்டா, ஊரு. இவற்றில் 'ஊரு' என்பது எந்தப் பிள்ளைக்கும் தண்டலத்தைக் குறிப்பதில்லை.

பேச்சுத் தமிழை எழுத்தில் அனுமதிக்கலாமா என்பது தமிழாசிரியர்கள் நம்மிடம் அடிக்கடி எழுப்பும் வழக்கு. 'வந்துச்சு' என்று எழுதும் பிள்ளை 'வந்தது' என்று எழுதக் கற்றாக வேண்டும். இதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. எப்போது என்பதே வினா. முதல் வரியிலேயே சிவப்பு மை பாய்ந்தால் இரண்டாம் வரி பிறப்பதில்லை. கதை முடியட்டும், ஒருமுறை உரக்க வாசிக்கட்டும், பிறகு 'வந்தது' வரட்டும். அதுபோலவே, கதை தடைபட்டு நிற்கும் இடத்தில் நாம் இட்டு நிரப்புவதில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்கிறோம். பாட்டிகள் கதை சொன்ன காலத்தில் பேரப்பிள்ளைகள் கேட்ட கேள்வி அது. இப்போது பெரியவர்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

எழுதியதைத் திருத்துவது பற்றி நம்மைவிட நன்றாக அறிந்திருந்த ஒரு குருவானவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இத்தாலியில் பிளாரன்சு நகருக்கு வடக்கே, பார்பியானா என்னும் மலையூருக்கு 1954 திசம்பரில் அனுப்பப்பட்டவர் லொரென்சோ மிலானி அடிகளார். ஊர் என்று சொல்வதற்குக்கூட வீடுகள் இல்லை. சிதறிக் கிடந்த சில குடியானவர் இல்லங்கள்தாம். அரசுப் பள்ளியில் தேறாதவர் என்று தள்ளப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து, விடுமுறையே இல்லாத ஒரு பள்ளியை அவர் நடத்தினார். அங்கே எல்லாரும் சேர்ந்து எழுதினார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைத் தனித்தனித் தாள் துண்டுகளில் குறித்துக்கொள்வார்கள். பின் மேசையின்மேல் அவற்றைப் பரப்பி, ஒரே கருத்துள்ளவற்றைச் சேர்த்து, மிகையானதை நீக்கி, ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் இதைவிட எளிய சொல் உண்டா என்று மன்றாடுவார்கள். இவ்வாறு எட்டு மாணவர்கள் உருவாக்கி 1967 மே மாதத்தில் வெளிவந்ததே 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்னும் நூல். ஏழைப் பிள்ளைகளைத் தோல்வியுறச் செய்யும் பள்ளி முறையை அது குற்றம் சாட்டியது. அடுத்த மாதம் 26ஆம் நாள், 44ஆம் வயதில், மிலானி அடிகளார் நோயால் இறந்தார். வாழ்நாளில் திருச்சபை அதிகாரத்தின் ஐயத்திற்கும் உள்ளானவர் அவர். 1958இல் வெளிவந்த அவருடைய மேய்ப்புப்பணி நூல் அந்த ஆண்டே விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. 2017 சூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிசு அவர் கல்லறைக்குச் சென்று செபித்தார்.

பார்பியானாவின் பிள்ளைகள் எழுதியது கதை அன்று என்பது உண்மையே. அவர்கள் வயதிலும் மூத்தவர்கள். எனினும் தாள் துண்டு முறை சிறுவர் கதைக்கும் நன்றாகவே பொருந்துகிறது. நம் வகுப்பில் ஆறு பிள்ளைகள் சேர்ந்து ஏரியைப் பற்றி ஒரு கதை செய்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த சிறுவனுக்குத் தமிழ் எழுத்து இன்னும் கூடவில்லை. அவன் தன் துண்டில் ஒரு மீனை வரைந்து வைத்தான். மற்றவர்கள் அதை ஒதுக்கிவிடவில்லை. மீன் ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்டார்கள். "பாஷை தெரியாது" என்றான். அந்த மீனே பிறகு கதையின் தலைவனாயிற்று.

அரசும் இத்துறையில் உழைக்காமல் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவியது. பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதே ஆண்டில் பள்ளிக் கல்வித்துறை ஊஞ்சல், தேன்சிட்டு என்னும் சிறுவர் இதழ்களையும் கொண்டுவந்தது. பிள்ளைகளின் கதை அச்சில் வருவது நல்லதே. ஆனால் போட்டி, பரிசு, சான்றிதழ் என்று வந்துவிட்டால், நடுவர் விரும்புவது எது என்னும் கணக்கும் கூடவே வந்துவிடும். ஆண்டு விழாவுக்காகப் பெற்றோரே எழுதிக் கொடுத்த சிறுவர் கதைகளை வாசித்துப் பழகிய எவரும் இதை மறுக்கமாட்டார்.

எல்லாவற்றிலும் கடினமான ஒன்றை இன்னும் சொல்லவில்லை. பிள்ளையை உண்மையாக எழுத விட்டால் அது உண்மையாகவே எழுதிவிடும். வீட்டில் நேற்றிரவு நடந்தது, தந்தை குடித்துவிட்டு வந்தது, கடன்காரர் வாசலில் நின்றது எல்லாம் ராஜா ராணி வேடத்தில் வந்து நிற்கும். அதைக் கேட்டுச் சிரித்துப் பத்துப் பேருக்கு வாசித்துக் காட்டவோ, கைப்பேசியில் படமெடுத்துக் குழுவில் போடவோ யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளை நம்மை நம்பிச் சொன்னது அது. நம் வகுப்பில் கதையை உரக்க வாசிக்கலாமா என்று எழுதிய பிள்ளையிடமே கேட்கிறோம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கேலிக்குப் பயந்து பிள்ளை மீண்டும் நல்ல பிள்ளை வாக்கியங்களுக்குத் திரும்பிவிட்டால் பிறகு அதை வெளியே கொண்டுவருவது எளிதன்று.

ஆனால் நோட்டுப் புத்தகம் ஒப்புரவுக் கூண்டு அன்று. குருவுக்கு ஒப்புரவு அருளடையாளத்தில் உள்ள மறைபொருள் காக்கும் கடமையை இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது. ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்துள்ளது அல்லது நேரக்கூடும் என்று கதையின் வழியே தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. குடும்ப மானம், பங்கின் பெயர், தெரிந்த மனிதர் என்னும் காரணங்கள் அங்கே செல்லா. வகுப்பிற்கு உதவ வரும் இளைஞர் அனைவர்க்கும் எழுத்துப் பயிற்சிக்கு முன்பே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்கலாகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். விசாரிப்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்ட அந்தத் தாய்க்கு அகுஸ்தினாரைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை. மகளின் நோட்டைக் கொடுத்தோம். பேருந்துக் கதையை எழுதியவள் அவர் மகள்தான். மகளிடம் கேட்டு, அவள் தலையசைத்த பிறகே கொடுத்தோம். நின்றுகொண்டே வாசித்தார். கோட்டிற்குக் கீழே இருந்ததை வாசித்துப் புன்னகைத்தார். மறுபடியும் மேலே போய் முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு மகளிடம், "பஸ் எழுந்திரிச்சதா, இல்லையா?" என்று கேட்டார். "இன்னும் எழுதல" என்றாள் அவள்.